அத்தை செருகிய ரோஜா

அன்று காலை பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரியகருப்பனாகிய நான், என் மனைவி மாரீஸ்வரி, என் தங்கை முத்தழகு, அவள் மகள் சத்தியப்பிரியா. வேறு யாரும் இல்லை. என் மகன் கண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். அவன் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்த பேச்சில் இல்லாதவர்களையெல்லாம் அந்தக் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

விட்ட இடத்தை ஞாபகப்படுத்துகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் சத்தியப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். பொங்கலுக்கு வந்திருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். பொங்கல் போய்விட்டது. பெட்டிகள் போகவில்லை. அவள் கணவன் சிவபிரகாஷ் வலையபட்டிக்காரன். அவன் சித்தப்பா உடையப்பன், ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பெரிய மனிதர்களோடு வந்து பேசி அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

எனக்கும் அதில் மறுப்பில்லை. எங்கள் வீடு ஊர்த்தலைமை கொண்ட அம்பலத்தார் வீடு. மஞ்சுவிரட்டில் காளைகளை விடத் தொழு திறப்பதற்கு முன் முதல் வேட்டி துண்டு எங்களுக்குத்தான். எங்கள் வீட்டில் கட்டிக்கொடுத்த பெண் எவளும் புருஷன் இருக்கும்போது திரும்பி வந்து தங்கியதில்லை. சத்தியப்பிரியாவின் தகப்பனார் காலமான பிறகு தாய்மாமன் என்ற முறையில் தாரை வார்த்துக் கொடுத்தவன் நான். ஆகவே அனுப்பிவைக்க வேண்டியவனும் நானே என்று நினைத்திருந்தேன்.

அன்று சனிக்கிழமை, பிப்ரவரி பதினாலு. மறுநாள் சிவராத்திரி. குலதெய்வம் கோயிலுக்குப் போவதால் வீட்டில் விரதம் தொடங்கியிருந்தது. கோயில் பொங்கலுக்கு முத்தழகு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

தலைக்குக் குளித்து, பச்சைக் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு, பிரியா என் முன் வந்து நின்றாள்.

"மாமா, காரைக்குடி வரைக்கும் போயிட்டு வாரேன்."

"என்ன சோலியாத்தா?"

"சோலி ஒண்ணும் இல்ல. காதலர் தினம் கொண்டாடப் போறேன்."

முறம் நின்றது.

"யாரோடடி?" என்றாள் முத்தழகு.

"என்னோட."

"அண்ணே, இவ வாயப் பாத்தீகளா? நாளைக்கு ஆளுக வாராக. இன்னக்கி இவளுக்குக் காதலு!"

"நாளைக்குத்தானம்மா வாராக. இன்னக்கி எனக்கு லீவு. நல்லாச் சாப்பிடணும், பழைய சாமான் கடையெல்லாம் பாக்கணும், ஒரு எடத்துல உக்காந்து ஐஸ்கிரீம் திங்கணும். பொழுது சாய வந்துருவேன்."

"ஒத்தையில உக்காந்து ஐஸ்கிரீம் திங்கிறத நாலு பேரு பாத்தா என்னத்தா சொல்லுவாக?" என்று கேட்டேன்.

"ஐஸ்கிரீம் திங்கிறான்னு சொல்லுவாக."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"கோயம்புத்தூருல அவுக வருசா வருசம் இதே நாளு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போவாக மாமா. மேசையில மெழுகுவத்தி, பூ, எல்லாம் இருக்கும். போட்டோ எடுக்கையில தோள்ல கை போடுவாக. எடுத்து முடிச்சதும் அந்தக் கை போயிரும். போட்டோவ ஏத்திட்டு, எத்தன பேரு பாத்தாகன்னு போனையே பாத்துக்கிட்டு இருப்பாக. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாக. நாலு வருசம். இந்த வருசம் போட்டோ இல்லாம ஒரு நாளு வேணும். அம்புட்டுத்தான்."

அந்தப் படங்களை முத்தழகு ஊரெல்லாம் காட்டியிருக்கிறாள். இப்போது அவள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாரீஸ்வரி எழுந்து உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நானும் போறேன் அவகூட. நீங்களும் கெளம்புங்க. தொணைக்கு ஆம்பள வந்தா ஊரு என்ன சொல்லப்போகுது? கூச்சமா இருந்தா நீங்க முன் பஸ்ல போங்க, நாங்க பின் பஸ்ல வாரோம். நமக்குத் தெரியாத பழக்கமா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிரியாவுக்குத் தெரியாது.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எண்பதுகளின் தொடக்கம், புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக வாசலைத் தாண்டுவதில்லை. அப்பா முகப்பில் உட்கார்ந்திருப்பார். நான் உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு முன் பஸ்ஸில் காரைக்குடி போவேன். மாரீஸ்வரி ரவிக்கைத் துணி எடுக்கப் போவதாக என் அம்மாவிடம் சொல்லி, துணைக்கு முத்தழகை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருவாள். முத்தழகு அப்போது இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை. டூரிங் கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு தட்டி. இடைவேளையில் முறுக்கு விற்பவனிடம் சொல்லி அந்தப் பக்கம் ஒரு பொட்டலம் அனுப்புவேன். படத்தில் சிரிப்பு வரும் இடத்தில் தட்டிக்கு அப்பால் அவள் சிரிப்பதை அத்தனை சிரிப்புக்கு நடுவிலும் தனியாகக் கேட்பேன். திரும்பும்போதும் இரண்டு பஸ். வீட்டுக்கு வந்து, "ஓ, நீயும் காரைக்குடி போனியா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பேன்.

பூவும் அப்படித்தான். பெண்டாட்டி கையில் பூ கொடுக்க முடியாது. அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அம்மா வீட்டிலுள்ள பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பார்கள். மாரீஸ்வரிக்கு ஒரு முழம் போய்ச்சேர நான் ஒரு பந்து பூ வாங்கியிருக்கிறேன்.

இதை பஸ்ஸில் அவள் பிரியாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஆண்கள் பக்கம் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேட்காத மாதிரி இருந்தேன்.

"ஒரு முழமா? எனக்கு வந்து சேந்தது ஒரு சாணுத்தா. உங்க அம்மாவுக்குத்தான் ஒரு முழம். ராத்திரி அதப் பாத்துட்டு உங்க மாமா மூஞ்சி போன போக்கு இருக்கே!"

"மாமா, நெசமா?" பின்னாலிருந்து பிரியா.

"பஸ்ல சத்தம் போடாதீக," என்றேன்.

நடத்துநர் வந்தார். பெண்களுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

"எங்களுக்கு ஓசி, உங்களுக்குத்தான் துட்டு," என்றாள் மாரீஸ்வரி. பஸ் முழுக்கச் சிரித்தது. ஒரே பஸ்ஸில் வந்ததற்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் பிரியா நெடுநேரம் நின்றாள். பர்மாவிலிருந்து வந்த மரப்பெட்டிகள், பூப்போட்ட பீங்கான் தூக்குகள், யார் வீட்டிலோ சிரித்துக்கொண்டிருந்த மனிதர்களின் கல்யாணப் படங்கள். ஒவ்வொரு தூக்காக மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். வாங்கவில்லை. அவளை அவசரப்படுத்த ஆளில்லை என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். பிறகு விரதச் சாப்பாடு, இலையில். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். பொங்கலிலிருந்து அவள் இரண்டாம் முறை எதையும் கேட்டதில்லை.

ஐஸ்கிரீம் கடையில்தான் சங்கடம். வாசலிலிருந்தே சிவப்பு பலூன். உள்ளே எல்லா மேசையிலும் சோடி சோடியாகப் பிள்ளைகள். நான் வாசலிலேயே நின்றேன்.

பிரியா சன்னலோரத்தில் ஒரு சின்ன மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க ஒத்தையா உக்காந்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அங்குட்டு உக்காருங்க," என்றாள்.

"எதுக்கு? மூணு பேரும் ஒண்ணா உக்காருவோம்," என்றேன்.

"என்னோட கொண்டாட்டம் மாமா. நான் சொன்னபடிதான்."

ஆக, நானும் மாரீஸ்வரியும் ஒரு மேசையில். எதிரெதிரே உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். எதிரில் உட்கார்ந்தேன். பரிமாறும் பையன் வந்து, கேட்காமலேயே ஒரு கேக்கை நடுவில் வைத்தான். மேலே சிவப்பு இதயம்.

"நாங்க கேக்கலையே தம்பி."

"ஜோடியா வந்தவங்களுக்கு இன்னிக்கு ஃப்ரீ சார்."

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். ஒரு பெண் கைகூடத் தட்டினாள். எழுந்துவிடலாமா என்று யோசித்தேன்.

மாரீஸ்வரி கேக்கை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "முட்ட போட்டதாப்பா?"

"ஆமாம்மா."

"அப்ப எடுத்துக்க. நாங்க விரதம்." அவன் தட்டைத் தூக்கியதும் என் பக்கம் குனிந்து, "பாவம், இத்தன வருசம் கழிச்சு ஒங்க இதயம் வந்துச்சு. அதுவும் முட்ட போட்டது," என்றாள்.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். சன்னலோரத்திலிருந்து பிரியா திரும்பிப் பார்த்தாள். அவள் முன்னால் உயரமான கண்ணாடிக் கிளாஸில் மூன்று நிறத்தில் ஐஸ்கிரீம் இருந்தது. நீளக் கரண்டியால் அடிவரை தோண்டித் தின்றுகொண்டிருந்தாள். போன் பைக்குள்ளேயே கிடந்தது. சோடியாக வந்த அத்தனை பேரையும்விட நிதானமாக அங்கே உட்கார்ந்திருந்தது அவள்தான்.

கடையை விட்டு வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. எதிரில் ஒருவர் வாளி நிறையச் சிவப்பு ரோஜா வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பிரியா போய்க் குனிந்து பார்த்து ஒன்றை எடுத்தாள். அவளே காசு கொடுத்தாள்.

"காம்ப ஒடச்சுக் குடுங்கண்ணே, தலையில வைக்கணும்," என்றாள். பிறகு பைக்குள் துழாவினாள். "கண்ணாடி கொண்டாரலையே. அத்த, நீங்க வச்சு விடுங்க."

மாரீஸ்வரி ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு, பிரியாவின் தலையை ஒரு பக்கம் திருப்பி, காதுக்கு மேலே ரோஜாவைச் செருகினாள்.

அந்த நேரத்தில்தான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் உடையப்பன் நின்றுகொண்டிருந்தார். கையில் வெற்றிலைக் கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும். மறுநாள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதற்காக வாங்கியவை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாய்மாமன் மகனுக்கு அத்தை மகள் முறைப்பெண். கல்யாணம் பேசி முடித்தால் மாப்பிள்ளையைப் பெற்றவள் வந்து பெண்ணின் தலையில் பூ வைப்பாள். பூ வைத்துவிட்டால் அந்தப் பெண் அந்த வீட்டுக்குரியவள். என் மகன் கண்ணனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அவனுக்கும் பிரியாவுக்கும் முன்பே ஒரு பேச்சு எழுந்து, இருவருமே சிரித்துத் தள்ளி, அதோடு முடிந்துபோனது. ஆனால் முறை என்பது முறைதான். இப்போது நடுத்தெருவில் கண்ணனின் தாய் பிரியாவின் தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தாய்மாமன் வெள்ளை வேட்டியில் நிற்கிறான்.

உடையப்பன் சாலையைக் கடந்து வந்தார். முறைப்படி அவர் எனக்குத் தம்பி.

"அண்ணே, ரொம்ப நல்லா இருக்கு."

"வாங்க தம்பி."

"நாளைக்குப் பேச வாரோம்னு சொல்லிவிட்டிருக்கோம். இன்னக்கே மதினி பூ வச்சுட்டாக. ஓங்க மகனுக்கு முடிக்கத்தான் பிள்ளைய வீட்டுல நிறுத்தி வச்சிருக்கீகளா? இது தெரியாம நான் பழம் வாங்கிக்கிட்டு நிக்கிறேன்!"

மாரீஸ்வரி ஏதோ சொல்ல வந்தாள். வாயில் ஹேர்பின் இருந்ததால் ஒரு சத்தம்தான் வந்தது.

"சின்ன மாமா, அது நான் வாங்கின பூ," என்றாள் பிரியா.

உடையப்பன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் பேசினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒங்க வீட்டு மரியாத எனக்கும் தெரியும். பெருசாக்க வேணாம். அந்தப் பூவ இப்பவே எடுக்கச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி எடுத்துட்டா நான் எதையும் பாக்கலன்னு வச்சுக்கிறேன். நாளைக்குக் கௌரவமா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறோம். இல்லேன்னா ராத்திரிக்குள்ள வலையபட்டி முழுக்கத் தெரிஞ்சுரும்."

பூ விற்பவர் வாளியை நகர்த்துவதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் கடை வாசலில் இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள்.

சுலபமான காரியம். ஒரு பூ. எடுத்துவிட்டால் என் வீட்டுப் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. காலையில் நான் நினைத்திருந்ததும் அதுதானே, அவள் அமைதியாகத் திரும்பிப் போகவேண்டும் என்று.

பிரியாவைப் பார்த்தேன். அவள் வாதாடவில்லை. அவள் கை பாதி உயர்ந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவாள். அதன் பிறகு நாளைக்கு எந்த வார்த்தை சொன்னாலும் செய்துவிடுவாள். பெட்டியைத் தூக்கு என்றால் தூக்குவாள். தோளில் கை போட்டுப் படம் எடுத்தால் சிரிப்பாள்.

"கைய எறக்குத்தா," என்றேன்.

கை இறங்கியது.

"தம்பி, எங்க வீட்டுப் பொண்ணு தலையிலருந்து பூவ எடுக்கச் சொல்றதுக்கு ஒரே ஒரு காரணந்தான் உண்டு. சிவபிரகாஷ் நல்லாத்தானே இருக்கான்?"

உடையப்பனின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அண்ணே இப்படிப் பேசுறீக! பிள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

"இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். அவன் இருக்கையில அவ தலைப் பூவ எடுக்கச் சொன்னது நான் இல்ல, நீங்க. நடுத்தெருவுல, பழத்தக் கையில வச்சுக்கிட்டு."

அவர் கையிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு வாங்க. காலைப் பலகாரம் நம்ம வீட்டுல. பிரியா வாரேன்னு சொன்னா நானே வண்டி பிடிச்சுக் கூட்டியாந்து விடுறேன். வரலைன்னு சொன்னா அந்த ரெண்டு பெட்டியும் எங்க வீட்டு மச்சுலயே இருக்கும். கேக்க வேண்டியத அவகிட்ட கேளுங்க. என்கிட்ட கேக்காதீக."

இதைச் சொல்லும்வரை இப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. மாரீஸ்வரி வாயிலிருந்து ஹேர்பின்னை எடுத்து, ரோஜா விழாதபடி அழுத்திக் குத்தினாள். "காப்பி குடிச்சுட்டுப் போங்க கொழுந்தனாரே," என்றாள். உடையப்பன் குடிக்கவில்லை. போய்விட்டார். போகும்போதே போனை எடுத்துக் காதில் வைத்ததைப் பார்த்தோம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பெண்கள் பக்கத்தில் மூன்று பேர் இருக்கை காலியாக இருந்தது. சன்னலோரம் பிரியா, நடுவில் மாரீஸ்வரி. நான் நின்றுகொண்டே வந்தேன். சிறிது தூரம் போனதும் மாரீஸ்வரி ஒதுங்கி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். தோள் இடித்தது.

"மாமா," என்றாள் பிரியா, சன்னலைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு நான் என்ன சொல்லணும்?"

"எனக்கெப்படித்தா தெரியும்?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. காற்றில் ரோஜாவின் ஓர் இதழ் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

பள்ளத்தூர் நெருங்கும்போது என் போன் அடித்தது. பஸ் இரைச்சலில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டேன். கண்ணன்.

"அப்பா, எனக்கு நிச்சயம் ஆயிருச்சாமே? சொந்தக்காரங்க குரூப்புல ஆளுக்கு ஆளு வாழ்த்துச் சொல்றாக. பொண்ணு யாருன்னாவது சொல்லுங்க."

பிரியா போனைப் பிடுங்கினாள். "வாழ்த்துகள் மச்சான். மாப்பிள்ளைக்கே இப்பத்தான் சேதி வந்துச்சா?"

மூன்று பேரும் சிரித்தோம். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"அப்பாகிட்ட குடு," என்றான். நான் வாங்கினேன். "சிரிக்காதீகப்பா. ஒண்ணு சொல்லணும். போன்ல வேணாம். டிக்கெட் போட்டுட்டேன், நாளைக்கு வாரேன்."

"எதுக்குடா இப்ப?"

"வந்து சொல்றேன். தனியா வரல." வைத்துவிட்டான்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

வீட்டு வாசலில் முத்தழகு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் சேதி வந்திருந்தது. மகளின் தலையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா பூ வச்சீக?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளும் எங்கள் வீட்டில் பிறந்தவள்தானே.

அவளுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக் கடைத்தெருவில் சத்தியப்பிரியாவுக்கு என் மகனுக்காகப் பூ வைத்து முடித்தோம் என்று வலையபட்டியிலும் பள்ளத்தூரிலும் பேசுகிறார்கள். முடிக்கவில்லை. ரோஜாவை அவளே தனக்கு வாங்கினாள். தெருவில் கண்ணாடி இல்லாததால் என் மனைவி செருகிவிட்டாள்.